தாது வருஷப் பஞ்சமும் இன்றைய சர்க்கரையும்: லாமார்க் ஜெயித்துவிட்டாரா?

வாசகர் கேள்வி, 2025 ஆகஸ்ட் 2

1876-ல் வந்த தாது வருஷப் பஞ்சத்தில் நம் பாட்டன் பூட்டன் பட்டினி கிடந்தார்கள். அந்தப் பட்டினி அவர்கள் உடம்பில் பதிந்து, பிள்ளைக்குப் போய், பேரனுக்குப் போய், இன்றைக்கு மதுரையில் தெருவுக்குப் பத்துப் பேருக்குச் சர்க்கரையாக வந்து நிற்கிறது. மரபணுவின் எழுத்து மாறாமலே அதன் வேலை மாறுவதை ஆராயும் எபிஜெனெடிக்ஸ் இதை நிரூபித்துவிட்டது. ஆக, வாழ்நாளில் பெற்றது பிள்ளைக்குப் போகும் என்ற லாமார்க் ஜெயித்தார், இயற்கைத் தேர்வு என்ற டார்வின் தோற்றார். "குலவித்தை கல்லாமல் பாகம் படும்" என்று நம் ஆட்கள் எப்போதோ சொன்னதும் இதே விஷயம்தான். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

ஆகஸ்ட் 3, காலை

மறுக்கிறேன், ஆனால் எல்லாவற்றையும் அல்ல. இந்தச் சில வரிக்குள் நாலு விஷயம் முடிச்சுப் போட்டுக் கிடக்கிறது. பட்டினியின் தடம் பிள்ளைக்குப் போகுமா என்பது ஒன்று. பேரன், கொள்ளுப்பேரன் என்று நிற்காமல் போய்க்கொண்டே இருக்குமா என்பது இன்னொன்று. அப்படிப் போகிற மாற்றம் அந்த உயிரின் தேவைக்குப் பொருந்தி வருகிறதா என்பது மூன்றாவது. லாமார்க்குக்கு முக்கியம் இந்த மூன்றாவதுதான். முதல் கேள்விக்கு "ஆமாம்" என்று பதில் வந்ததுமே மூன்றாவதற்கும் சேர்த்து மாலை போட்டுவிடுகிறோம். நாலாவது, கைத்தொழில் ரத்தத்தில் வருமா என்பது. அது எனக்குச் சொந்த விஷயம், அப்புறம் வருகிறேன்.

பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். பத்தாம் வகுப்பில் லாமார்க் வந்தாலே ஒட்டகச்சிவிங்கிதான், பிள்ளைகளும் அதோடு நின்றுவிடுகிறார்கள். 1809-ல் அவர் எழுதிய விலங்கியல் நூலில் ஒட்டகச்சிவிங்கிக்குக் கிடைத்த இடம் கொஞ்சம். அவர் சொன்னது இரண்டு விதி: அதிகம் பயன்படுத்தும் உறுப்பு வளரும், பயன்படுத்தாதது தேயும், இப்படி வாழ்நாளில் வந்த மாற்றம் சந்ததிக்குப் போகும். இரண்டாவது விதி அவர் கண்டுபிடித்ததே அல்ல, அவர் காலத்தில் எல்லோரும் நம்பியது. சூழல் மாறினால் தேவை மாறும், தேவை மாறினால் பழக்கம் மாறும், பழக்கம் உடம்பை மாற்றும் என்ற வரிசைதான் அவருடையது. அதற்கும் மேலே, உயிர்கள் எளிமையிலிருந்து சிக்கலை நோக்கித் தாமாகவே ஏறுகின்றன என்றும் நம்பினார்.

ஆகஸ்ட் 3, இரவு

"டார்வின் தோற்றார்" என்பதை மட்டும் தனியாக எடுக்கிறேன். பெறப்பட்ட பண்புகள் பிள்ளைக்குப் போகும் என்று டார்வினும் நம்பினார். வீட்டு வாத்துக்குச் சிறகெலும்பு லேசாகவும் காலெலும்பு கனமாகவும் இருப்பதைக் காட்டி, பறப்பதை விட்டு நடப்பதால் வந்தது என்று எழுதினார். 1868-ல் இன்னும் ஒரு படி போனார்: உடம்பின் ஒவ்வொரு பகுதியும் நுண்துகள்களை உதிர்க்கிறது, அவை இனப்பெருக்க உறுப்புகளில் வந்து சேர்ந்து பிள்ளைக்குப் போகின்றன என்றார். அவருடைய உறவினர் கால்ட்டன் ஒரு நிற முயலின் ரத்தத்தை இன்னொரு நிற முயலுக்கு ஏற்றி, குட்டிகளின் நிறம் மாறுகிறதா என்று பார்த்தார். மாறவில்லை என்று 1871-ல் அறிவித்தார்.

அதனால் லாமார்க் ஜெயித்தால் தோற்க வேண்டியவர் டார்வின் அல்ல, ஜெர்மன் உயிரியலாளர் வைஸ்மன். விந்தணுவும் கருமுட்டையும் உருவாகும் வழி தனி, உடம்பில் நடப்பது அதற்குள் நுழையாது என்று 1880-களில் உறுதியாகச் சொன்னவர் அவர்தான்.

ஆகஸ்ட் 4

வைஸ்மன் எலி வாலை வெட்டிய கதையை ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஐந்து தலைமுறைக்குச் சுண்டெலிகளின் வாலை வெட்டினார். பிறந்த 901 குட்டிகளில் ஒன்றுகூட வால் குட்டையாகப் பிறக்கவில்லை.

என் அம்மாச்சிக்கு உசிலம்பட்டிப் பக்கம். தண்டட்டி போட்டவர். சின்னப் பிள்ளையிலேயே காது குத்தி, ஓலைச்சுருள் செருகி, ஈயக் குணுக்கு மாட்டி, தோளைத் தொடுகிற மாதிரி வளர்த்த காது. அவருடைய அம்மாவுக்கும் அப்படித்தான், அதற்கு முந்தியவருக்கும் அப்படித்தான். அந்த வரிசையில் பிறந்த என் அம்மாவின் காதில் துளையும் இல்லை, நீளமும் இல்லை. வைஸ்மனுக்குச் சுண்டெலி தேவைப்பட்டது. நம் பக்கத்துப் பெண்கள் அதைவிட நீண்ட சோதனையைத் தங்கள் உடம்பிலேயே நடத்தி முடித்திருக்கிறார்கள். மறுக்க முடியாத சாட்சி அது.

ஆனால் எதற்குச் சாட்சி? வெட்டுக்காயம் பிள்ளைக்குப் போகாது என்பதற்கு மட்டும். அந்தக் காலத்தில் வால் அறுந்த பூனைக்கு வாலில்லாத குட்டி பிறந்தது என்று சொல்லித் திரிந்தவர்களுக்குப் பதிலாகத்தான் வைஸ்மன் அதைச் செய்தார். லாமார்க் பேசியது வெளியிலிருந்து வரும் காயத்தைப் பற்றி அல்ல, உயிர் தானே பயன்படுத்தி வளர்க்கும் உறுப்பைப் பற்றி. ஆகவே காதை வைத்தோ வாலை வைத்தோ லாமார்க்கைத் தோற்கடித்துவிட்டோம் என்று வகுப்பில் சொல்வதை நான் விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 5

எபிஜெனெடிக்ஸ் என்றால் உடம்பில் உண்மையில் என்ன நடக்கிறது என்று யாருமே எழுதவில்லையே. டி.என்.ஏ.வின் நாலு எழுத்தில் ஒன்றான சைட்டோசின் மேல் மீத்தைல் என்ற சின்னத் தொகுதி ஒட்டும். டி.என்.ஏ. சுற்றிக் கிடக்கும் ஹிஸ்டோன் புரதங்களிலும் மாற்றம் வரும். சிறு ஆர்.என்.ஏ.க்களும் உண்டு. எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்பதை இவை தீர்மானிக்கின்றன. கல்லீரல் செல் பிரிந்தால் கல்லீரல் செல்லே வருவது இதனால்தான். தையல்கடையில் துணிமேல் சாக்பீஸ் கோடு போடுவார்களே, அதுபோல. எங்கே வெட்டலாம், எங்கே விடலாம் என்று கோடு சொல்லும். துணி அதே துணி. அலசினால் கோடு போய்விடும்.

அந்த அலசல்தான் இந்த விவாதத்தின் மையம். பாலூட்டிகளில் அது இரண்டு முறை நடக்கிறது. கருத்தரித்த சில நாட்களில் ஒரு முறை. அந்தக் கருவுக்குள் நாளைக்கு முட்டையாகவோ விந்தணுவாகவோ ஆகப்போகும் செல்கள் உருவாகும்போது மறுபடி ஒரு முறை. பெரும்பாலான மீத்தைல் குறிகள் இதில் போய்விடும். சில இடங்கள் தப்பும். டி.என்.ஏ.வுக்குள்ளேயே இடம் மாறக்கூடிய தாவும் துண்டுகள் சில அப்படித் தப்புகின்றன.

அகூட்டி எலி அந்தத் தப்பிய இடத்தால் புகழ்பெற்றது. ஒரே மரபணு கொண்ட எலிகள். ஆனால் ஒன்று மஞ்சளாகக் கொழுத்துச் சர்க்கரை வந்து கிடக்கும், இன்னொன்று பழுப்பாக ஒல்லியாக ஓடும். ஒரு தாவும் துண்டின்மேல் மீத்தைல் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் வித்தியாசம். 2003-ல் வாட்டர்லாண்டும் ஜர்ட்டிலும் கர்ப்பமான எலிகளுக்கு ஃபோலிக் அமிலம், பி12, கோலின், பீட்டைன் சேர்த்துக் கொடுத்தார்கள். பழுப்புக் குட்டிகள் கூடின. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிறார்களே, அதே ஃபோலிக் அமிலம். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு சாப்பாட்டுப் பொருள் முடியின் நிறம் வரைக்கும் போகிறதே!

அதே எலிகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மஞ்சள் தாய்க்கு மஞ்சள் குட்டிகள் கொஞ்சம் அதிகம் என்று 1999-லேயே காட்டியிருந்தார்கள். அப்பா எலியின் நிறம் எதையும் மாற்றவில்லை.

ஆகஸ்ட் 5, கொஞ்ச நேரம் கழித்து

"மீத்தைல் ஒட்டினால் கெடுதல், எடுத்தால் நல்லது" என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை, அண்ணே. அகூட்டி எலியில் ஒட்டினதுதான் நல்லதாகப் போனது. எந்த இடத்தில் என்பதைப் பொறுத்தது. மீத்தைல் மாத்திரை என்று விற்பதை யாரும் வாங்கிவிடாதீர்கள்.

ஆகஸ்ட் 7

பஞ்சத்துக்கு வருவோம். முதலில் ஹாலந்து, ஏனென்றால் அங்கே கணக்கு இருக்கிறது. 1944 நவம்பரிலிருந்து 1945 மே வரை ஜெர்மன் ஆக்கிரமிப்பில் உணவு அடைபட்டது. அப்போது கருவில் இருந்தவர்களை அறுபது வருடம் கழித்து ஹைமன்ஸ் குழு சோதித்தது. பஞ்சத்தின் நடுவில் கரு உருவானவர்களுக்கு, வளர்ச்சியோடு தொடர்புள்ள ஐ.ஜி.எஃப்.2 மரபணுவில் மீத்தைல் குறைந்திருந்தது. ஒப்பிட்டது அவர்களுடைய கூடப்பிறந்தவர்களோடு. 2008-ல் வந்த இந்த ஆய்வை எல்லோரும் "பரம்பரை" என்று எடுத்துப்போடுகிறார்கள். இதில் பரம்பரையே இல்லை. பட்டினியை அந்தக் குழந்தையே நேராகப் பட்டது, தாயின் வயிற்றுக்குள்.

இன்னும் ஆழமாகப் போனால் ஆச்சரியம். பெண் சிசு ஐந்து மாதம் ஆகும்போதே அதன் சூலகத்தில் லட்சக்கணக்கில் முட்டைச் செல்கள் உருவாகிவிடும். அதாவது என் அம்மாச்சி என் அம்மாவைச் சுமந்தபோது, நான் உருவான முட்டையும் அந்த வயிற்றுக்குள்தான் இருந்தது. அன்றைக்கு அம்மாச்சி சாப்பிட்டது கூழோ கஞ்சியோ, மூன்று தலைமுறையும் ஒன்றாகச் சாப்பிட்டோம். அதனால்தான் தாய்வழியில் வரும் மாற்றத்தை மரபு என்று சொல்லக் கொள்ளுப்பேத்தி வரை பார்க்க வேண்டும் என்கிறார்கள். தகப்பன்வழியில் பேரன் வரை போதும்.

இந்த விதியை வைத்துப் படித்தால் "மூன்று தலைமுறை" என்று வரும் செய்திகள் பாதி உதிர்ந்துவிடும்.

ஆகஸ்ட் 8

தாது வருஷம். 1876-ல் மழை பொய்த்தது, 1878 வரை இழுத்தது. தென்னிந்தியா முழுவதும் சேர்த்து 50 லட்சத்துக்கும் மேல் செத்தார்கள். நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று 1877-ல் ஆங்கிலேய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தார். மண்வெட்டிப் பிழைக்கிறவனுக்கு ஒரு நாள் முழுக்க அரைக் கிலோவுக்கும் குறைவு. என் அப்பத்தா சின்னச் சண்டைக்கும் "தாது வருஷத்துல பொறந்தவ மாதிரி அலையாத" என்பார். அவரே பார்த்திராத பஞ்சம். வாய்வழியாக வந்த நினைவு.

நினைவு வந்தது உண்மை. மீத்தைல் வந்ததா? அன்றைக்கு இருபது வயது ஆணுக்கும் இன்றைய பிள்ளைக்கும் நடுவில் ஏறக்குறைய ஆறு தலைமுறை. தலைமுறைக்கு இரண்டு அலசல். அத்தனையும் தாண்டி ஒரு குறி நிற்க வேண்டும். மனிதரில் அப்படி ஒன்றை யாரும் காட்டவில்லை.

அதைவிட வலுவான காரணம் வரைபடத்திலேயே இருக்கிறது. அந்தப் பஞ்சம் பெல்லாரி, கர்னூல், கடப்பை என்று தக்காணத்தில்தான் மிகக் கொடுமையாக அடித்தது. மலையாளக் கரை அந்த அளவுக்கு அடிபடவில்லை. பஞ்சம்தான் காரணம் என்றால் கேரளத்தில் சர்க்கரை குறைந்திருக்க வேண்டும். 2023-ல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) கணக்கெடுப்பில் கேரளத்தில் பெரியவர்களில் நூற்றுக்கு 25 பேருக்கு மேல். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 14 சொச்சம். காசு வந்த ஊரில், உட்கார்ந்து சாப்பிடும் ஊரில், வயது கூடி வாழும் ஊரில் சர்க்கரை ஏறுகிறது.

தாத்தாவின் பட்டினி பேரனைக் கெடுக்கும் என்பதற்கு ஸ்வீடனின் ஓவர்காலிக்ஸ் ஊரை எடுத்துக்காட்டியவருக்கு: அந்த ஆய்வு உங்கள் வாதத்துக்கு எதிராகப் போகிறது. அங்கே அப்பாவழித் தாத்தா பருவத்துக்கு முந்தைய வயதில் நல்ல விளைச்சலில் வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால்தான், பேரப்பிள்ளைகள் சர்க்கரையால் சாவது கூடியது. பட்டினி கெடுத்தது என்று அது சொல்லவில்லை. சில நூறு பேரை வைத்துச் செய்த ஆய்வு அது, அதன்மேல் மாளிகை கட்ட முடியாது.

ஆகஸ்ட் 8, இரவு

புனே எலிகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி, நானும் அதில் நிறைய யோசித்திருக்கிறேன். 50 தலைமுறை எலிகளை அரைகுறைத் தீனியில் வைத்தார்கள். அவற்றுக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை, பி12 குறைந்திருந்தது. பிறகு இரண்டு தலைமுறை நல்ல தீனி போட்டும் சரியாகவில்லை. 2015-ல் வெளிவந்தது. "பார்த்தீர்களா, பட்டினி பதிந்துவிட்டது" என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

ஆனால் 50 தலைமுறை பட்டினி என்றால் அதில் எது பிழைத்துக் குட்டி போட்டது? பட்டினியைத் தாங்கும் மரபணு உள்ளவை. அது இயற்கைத் தேர்வு, டார்வின் பக்கம். அதோடு அரைவயிறு தாய்க்குச் சின்ன உடம்பு, சின்ன உடம்புத் தாயின் வயிற்றில் சின்னக் குட்டி. தாயின் உடம்பே அடுத்த தலைமுறைக்குச் சூழல். தேர்வு, தாயின் உடம்பு, மீத்தைல் என்ற மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் மீத்தைலுக்கு முழு மதிப்பெண் போட மாட்டேன்.

அதே புனேயில் யாஜ்னிக் குழு 1990-களிலிருந்து தாய்மார்களையும் குழந்தைகளையும் தொடர்ந்து பார்த்துவருகிறது. அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. நம் குழந்தை ஒல்லி. ஆனால் அந்த ஒல்லி உடம்பில் சதை குறைந்து கொழுப்பு மட்டும் குறையாமல் இருக்கிறது. சர்க்கரைக்கு ஒரு வேர் வேண்டுமென்றால் நான் இங்கே தோண்டுவேன். 1877-ல் அல்ல, போன தலைமுறைத் தாயின் தட்டில்.

ஆகஸ்ட் 10

எலியும் மனிதனுமாகவே பேசிக்கொண்டிருக்கிறோம். தாவரங்களில் நிலைமை வேறு, அங்கே லாமார்க் ஆட்களுக்குக் கொஞ்சம் இடம் உண்டு. தாவரத்தில் இனப்பெருக்கச் செல்லுக்கென்று சின்ன வயதிலேயே தனி வழி கிடையாது. வளர்ந்த கொம்பிலிருந்தே பூ வரும், பூவிலிருந்து விதை. அலசலும் அவ்வளவு முழுமையாக நடப்பதில்லை.

லினேரியா என்ற செடியில் சாதாரணப் பூ ஒருபக்கமாக வாய் திறந்திருக்கும். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி விரிந்த விசித்திரப் பூ ஒன்றை லின்னேயஸ் 1744-ல் விவரித்தார். 1999-ல் என்ரிகோ கோயன் குழு பார்த்தபோது டி.என்.ஏ. எழுத்து மாறவில்லை, ஒரு மரபணுவின் மேல் மீத்தைல் நிறைய ஏறி அதை வாயடைத்திருந்தது. அந்த நிலை விதைவழியே போகிறது. சில நேரம் ஒரே செடியில் குறி கலைந்து பழைய பூவும் வருகிறது. அந்தக் கலைவதுதான் சிக்கல். ஆய்வகங்களில் வளர்க்கும் அராபிடாப்சிஸ் செடியில் தலைமுறை தலைமுறையாக எண்ணிப் பார்த்ததில், இந்தக் குறிகள் மாறும் வேகம் டி.என்.ஏ. எழுத்து மாறும் வேகத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு. இவ்வளவு சீக்கிரம் வந்து போவதை வைத்துப் பரிணாமம் நெடுந்தூரம் போக முடியாது.

எண்ணெய்ப் பனையில் பெரிய நஷ்டமே வந்தது. திசு வளர்ப்பில் பெருக்கிய கன்றுகளில் சில, வருடங்கள் வளர்ந்து காய்க்கும் நேரத்தில் கோணல் காய் காய்த்தன. ஒரு தாவும் துண்டில் மீத்தைல் போய்விட்டதுதான் காரணம் என்று 2015-ல் கண்டுபிடித்தார்கள்.

மல்லிகை போடும் அண்ணன் ஒருவர், "எங்கள் மல்லிக்கு இந்த மண்வாசம் ஏறி நிற்பது லாமார்க்தானே" என்கிறார். அண்ணே, மதுரை மல்லிக்கு நாற்று தங்கச்சிமடத்துப் பக்கத்திலிருந்து வருகிறது, குச்சி ஒடித்து வேர் விடவைத்தது. விதையே நடுவில் இல்லை. அது ஒரே செடியின் நீட்டம். ராமநாதபுரத்து மணலில் வேர்விட்ட குச்சி உங்கள் மண்ணுக்கு வந்து உங்கள் வாசம் கொடுக்கிறது என்றால், அது மண்ணும் தண்ணீரும் இந்தச் செடிக்கே செய்வது. அடுத்த தலைமுறை என்ற பேச்சு அங்கே இல்லை.

ஆகஸ்ட் 10, மறுபடி

சோவியத் வேளாண் ஆய்வாளர் லைசென்கோவை யாராவது சொல்வார்கள் என்று பார்த்தேன், சொல்லவில்லை. கோதுமையைக் குளிரில் வைத்துப் பழக்கினால் அந்தப் பழக்கம் விதைக்கும் போகும் என்றார். 1948-ல் சோவியத் நாட்டில் மரபியலையே தடை செய்யவைத்தார். விதை சேகரிக்க உலகம் சுற்றிய வாவிலோவ் 1943-லேயே சாராடோவ் சிறையில் பட்டினியில் செத்துப்போயிருந்தார். உலகத்துக்குச் சோறு தேடியவர். இதை வகுப்பில் சொல்லும்போது எனக்குக் குரல் கம்மிவிடும்.

குளிரைச் செடி நினைவு வைப்பது உண்மைதான். எஃப்.எல்.சி. என்ற மரபணுவைக் குளிர் கொஞ்சம் கொஞ்சமாக அடைக்கிறது, வசந்தத்தில் பூக்கிறது. ஆனால் விதை உருவாகும்போது அந்த மரபணு மறுபடி திறந்துகொள்கிறது. ஒவ்வொரு செடியும் தன் குளிரைத் தானே படவேண்டும். அம்மாவின் குளிர் செல்லாது. எபிஜெனெடிக்ஸின் மிகச் சுத்தமான எடுத்துக்காட்டே லைசென்கோவுக்கு எதிராக நிற்கிறது.

ஆகஸ்ட் 12

பாலமேட்டுப் பக்கத்து அண்ணனுக்குப் பதில். "அப்பன் வாடியில் நின்னு விளையாடின மாடுன்னா கன்னும் நின்னு விளையாடும், இதுக்கு என்ன சொல்ற?" என்கிறார். நின்று விளையாடும், சந்தேகமில்லை. ஆனால் நீச்சலுக்கு விட்டதும், மண் குத்தப் பழக்கியதும், நடை விட்டதும் விந்தணுவுக்குள் போகவில்லை. நீங்கள் எந்தக் காளையைப் பொலிக்கு விட்டீர்கள்? கூச்சப்படாமல் பாய்ந்ததை. சோம்பலாக நின்றதை வண்டிக்கோ சந்தைக்கோ அனுப்பினீர்கள். பரம்பரையாக உங்கள் வீட்டில் நடப்பது தேர்வு. புலிக்குளம் மாடு இப்படிக் கிடை கிடையாகத் தேர்ந்தெடுத்து வந்த இனம்தானே. பழக்காமல் வளர்த்த கன்றுக்கும் கோபம் இருக்கும். பழக்கிய காளையின் வித்தை மட்டும் இருக்காது. இதை என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஆகஸ்ட் 13

எலிக்குப் பயம் பரம்பரையாக வரும் என்ற ஆய்வை மூன்று பேர் அனுப்பிவிட்டார்கள். 2014, டயஸும் ரெஸ்லரும். அசிட்டோஃபினோன் என்ற வாசனையோடு ஆண் எலிக்கு ஷாக் கொடுத்தார்கள். அதன் குட்டியும் பேரக்குட்டியும் அந்த வாசனைக்கு அதிகம் துள்ளின. இதில் எனக்கு மனம் இரண்டாகத்தான் இருக்கிறது. அப்பாவழி, பேரன் வரை என்ற நிபந்தனையைத் தாண்டுகிறது. ஆனால் மூக்கில் பட்ட வாசனை எப்படி விந்தணுவில் குறிப்பிட்ட ஒரு மரபணுவைத் தேடிப் போய்த் தொட்டது? அந்த வழியைக் காட்டாதவரை இதை ஓரமாக வைத்திருப்பேன்.

புழுவில் எனக்கு அந்தத் தயக்கம் இல்லை. சி. எலிகன்ஸ் புழுவைப் பட்டினி போட்டால் சிறு ஆர்.என்.ஏ.க்கள் உருவாகி மூன்று தலைமுறை போவதை ஓடெட் ரெகாவி குழு 2014-ல் காட்டியது. வழியும் தெரிகிறது. புழுவின் தலைமுறை மூன்று நாலு நாள். தாய் பார்த்த பஞ்சம் பேத்தி காலத்திலும் இருக்க வாய்ப்புண்டு, அதனால் அந்த நினைவு பயன்படும். நமக்குத் தலைமுறை இருபத்தைந்து வருடம். தாது வருஷத்துச் செய்தி இன்றைக்கு வந்து சேர்ந்து யாருக்கு என்ன உதவி?

ஆகஸ்ட் 14

சரி, "எங்கேயுமே லாமார்க் சரியில்லையா" என்று ஒரு தங்கை மனம் விட்டுக் கேட்கிறாள். இருக்கிறது. தயிரில் இருக்கிறது.

தயிர், சீஸ் செய்ய உதவும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோபைலஸ் என்ற பாக்டீரியாவை வைரஸ் தாக்கும். தப்பிய பாக்டீரியா சில, அந்த வைரஸின் டி.என்.ஏ.விலிருந்து ஒரு துண்டை வெட்டித் தன் டி.என்.ஏ.வுக்குள் வரிசையாக அடுக்கி வைத்துக்கொள்ளும். அடுத்த முறை அதே வைரஸ் வந்தால் அடையாளம் கண்டு வெட்டிவிடும். பிரிந்து வரும் பிள்ளைகளுக்கும் அந்தத் துண்டு போகும். 2007-ல் தயிர் உறைய வைக்கும் பாக்டீரியாவை விற்கும் நிறுவனத்து ஆய்வாளர்களே நிரூபித்தார்கள். கிரிஸ்பர் என்று இப்போது ஊரெல்லாம் பேசுவது இதைத்தான். வாழ்நாளில் பெற்ற மாற்றம், வந்த ஆபத்துக்கே பொருந்திய மாற்றம், சந்ததிக்குப் போகிற மாற்றம். என் மூன்று கேள்விக்கும் ஆமாம். கூனினும் வுல்ஃபும் 2009-ல் இதை லாமார்க்கிய முறை என்றே எழுதினார்கள். நானும் ஏற்கிறேன்.

வேடிக்கை, இது எபிஜெனெடிக்ஸே அல்ல. டி.என்.ஏ. எழுத்தே மாறுகிறது. இந்த முறையையே பாக்டீரியா இயற்கைத் தேர்வால்தான் பெற்றிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 15

உயிரியலாளர் வாடிங்டனை விட்டுவிட்டு இதை முடிக்க முடியாது. காமராஜர் பல்கலைக்கழகத்தில் படித்தபோது பழ ஈ வளர்த்தேன். சோளமாவும் வெல்லமும் ஈஸ்ட்டும் சேர்த்துக் காய்ச்சிய வாடை துணியை விட்டே போகாது. அந்த ஈயில்தான் வாடிங்டன் 1953-ல் செய்தார். கூட்டுப்புழு நிலையில் சூடு காட்டினால் சில ஈக்களுக்குச் சிறகில் ஒரு குறுக்கு நரம்பு வராது. அவற்றையே தேர்ந்தெடுத்து இணைசேர்த்தார். பத்துப் பதினைந்து தலைமுறைக்குள், சூடே காட்டாமலும் நரம்பில்லாத ஈக்கள் பிறந்தன. பார்க்கிறவருக்குச் சூடு பரம்பரையாகிவிட்டது போலத் தோன்றும். நடந்தது வேறு. நரம்பை இழக்கும் சாய்வு அந்த ஈக்களின் மரபணுக்களில் முன்பே சிதறிக் கிடந்தது. சூடு அதை வெளியே காட்டியது, தேர்வு அதை ஒன்றுசேர்த்தது. லாமார்க் போலத் தோன்றி டார்வினாக முடிவது. எபிஜெனெடிக்ஸ் என்று பெயர் வைத்தவரும் இவர்தான், 1942-ல்.

ஆகஸ்ட் 16

குலவித்தை.

அப்பா செல்லூரில் தறி போட்டவர். எங்கள் வீட்டில் பேச்சே தறிச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசுவதுதான். அந்தத் தெருப் பிள்ளைகள் பத்து வயதில் அறுந்த இழையைக் கண்மூடி முடிவதைப் பார்த்தவர்கள் ரத்தத்தில் வந்தது என்றுதான் சொல்வார்கள். ஆனால் அப்பாவிடம் நெய்தவர்களிலேயே கைத்திறன் உள்ளவர் மேலூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த பையன். அவர் வீட்டில் யாரும் தறியைப் பார்த்ததுகூடக் கிடையாது. என் அண்ணனை விடுதியில் சேர்த்துப் படிக்கவைத்தார்கள், அவனுக்கு நாடா ஓட்டத் தெரியாது. வித்தை போனது கண்வழியாகவும் காதுவழியாகவும், தவறு செய்தால் விழுந்த திட்டுவழியாகவும். கற்றது அப்படியே அடுத்தவருக்குப் போகிறது என்ற பொருளில் பண்பாடு லாமார்க் சொன்ன விதியில்தான் ஓடுகிறது. அதற்கு ரத்த உறவு தேவையில்லை.

இதில் எனக்குக் கோபம் வருவதற்குக் காரணம் உண்டு. 1953-ல் ராஜாஜி அரசு, பாதி நாள் பள்ளி, மீதி நேரம் பெற்றோர் தொழில் என்று திட்டம் கொண்டுவந்தது. குலக்கல்வி என்று ஊரே எதிர்த்தது, 1954-ல் காமராஜர் வந்து கைவிட்டார். அது நீடித்திருந்தால் என் அப்பா பள்ளிக்கூடம் போன கொஞ்ச நேரமும் போயிருக்கும். "மரபிலேயே இருக்கிறது" என்று சொல்வது யாரை எங்கே நிறுத்திவைக்க உதவும் என்று பார்த்துப் பேசுங்கள்.

ஆகஸ்ட் 18

இரண்டாவது பிள்ளையைச் சுமந்தபோது எனக்குச் சர்க்கரை வந்தது. "உங்க குடும்பமே சர்க்கரைக் குடும்பம், பரம்பரை, ஒன்னும் பண்ண முடியாது" என்று ஒரு இடத்தில் சொன்னார்கள். வேறு இடத்துக்குப் போனேன். சாப்பாட்டை மாற்றி, நடந்து, கடைசி மாதங்களில் இன்சுலின் போட்டு, பிள்ளை நல்ல எடையில் பிறந்தது. தாயின் ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் வயிற்றுப் பிள்ளைக்கும் ஏறும், அதன் கணையம் அதிகம் உழைக்கும், பிற்காலத்தில் அதற்குச் சர்க்கரை வரும் வாய்ப்பு கூடும். அது பெண்ணாக இருந்தால் அவள் கர்ப்பமாகும்போது மறுபடி அதே சுற்று. வெளியிலிருந்து பார்த்தால் பரம்பரை நோய் மாதிரியே ஓடும். ஒரு கர்ப்பத்தில் சர்க்கரையைக் கட்டுப்படுத்தினால் அந்தச் சுற்று தளரும்.

ஆகஸ்ட் 19

அப்பா தின்றது பிள்ளைக்குப் போகுமா என்று கேட்ட தம்பிக்கு: கொழுப்புத் தீனி தின்ற ஆண் எலியின் விந்தணுவிலிருந்து சிறு ஆர்.என்.ஏ.க்களை எடுத்துச் சாதாரணக் கருவில் செலுத்தினால், பிறக்கும் குட்டிக்குச் சர்க்கரைச் சமநிலை கெடுகிறது என்று 2016-ல் காட்டினார்கள். குட்டி வரைதான். பிள்ளை பெறுவதற்கு முன்னால் ஆண்களும் எடையைப் பார்க்கலாம், கெடுதல் ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 19, இரவு

மருமகள் மாசமாக இருக்கிறாள், குடும்பத்தில் சர்க்கரை உண்டு, எப்போது பார்க்க வேண்டும் என்று கேட்ட அக்காவுக்கு. முதல் முறை செக்கப் போகும்போதே பாருங்கள். சரியாக இருந்தால் 24-லிருந்து 28-வது வாரத்துக்குள் மறுபடி. வெறும் வயிறாகப் போக வேண்டியதில்லை. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுப்பார்கள், இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை. சென்னையில் டாக்டர் வி. சேஷையா முன்னின்று கொண்டுவந்த முறை இது. தமிழ்நாட்டில் 2007-லிருந்தே எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு கிடையாது. குடித்ததும் சிலருக்குக் குமட்டும். மெதுவாக, ஐந்து பத்து நிமிடத்தில் குடிக்கச் சொல்லுங்கள். கூட ஒரு ஆள் போங்கள், அந்த இரண்டு மணி நேரம் அவள் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டாம்.